டப்பாவுக்குள் ஒரு வண்டி

கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கக் கூடாது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருடமாக, அட்டைக் கூம்பில் நூல் சுற்றும் கோன் பிரிவில் இருக்கிறேன். ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால் எந்த இடம் என்று சத்தத்தை வைத்தே சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டு ஒரு வாரம் கிறுக்குப் பிடிக்க வைத்துவிட்டது. அந்த வாரத்தில் நடந்ததில் பாதி இன்னும் புரியவில்லை.

கார்டு என் வீட்டுக்காரருக்காக வாங்கியது. அவர் டிரைவர். பட்டாளத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டினார், அதுவும் வடக்கே, மணாலிக்கு மேலே பனிமலையில். ஊருக்கு வந்த பின் பள்ளிக்கூட வேன், அதற்கும் பின் எங்கள் மில் பஸ். ஸ்டியரிங்கைப் பிடிக்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. அப்புறம் சர்க்கரை வந்தது. வலது குதிகாலில் ஒரு சின்னக் கொப்புளம். "அது கெடக்கு களுத" என்று விட்டுவிட்டார். மூன்றே மாதத்தில் மதுரை ஆஸ்பத்திரியில் அந்தப் பாதத்தையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மயக்கம் தெளிந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தார். "ஆக்சிலேட்டர் மிதிக்கிற காலைப் போயி எடுத்துட்டானுவளே" என்றார். அன்றிலிருந்து அவருக்குப் பேச்சே குறைந்துபோனது.

செயற்கைப் பாதம் பொருத்தினால் நடக்கலாம், அளவு எடுக்க வாருங்கள் என்று டாக்டர் சொன்னார். இவர் போகவில்லை. "நடந்து எங்க போக?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்க்கு வந்தபடி கத்துவேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுவேன். இப்படி எட்டு மாதம் ஓடியது.

அப்போதுதான் மகன் லீவில் வந்தான். அவனும் பட்டாளத்தில்தான் இருக்கிறான். கல்லூரிக் காலத்தில் அவன் அடம்பிடித்து வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று முன்னறையில் துணி மூடிக் கிடந்தது. விளையாட்டுக்கென்றே கம்பெனிக்காரர்கள் மொத்தமாகச் செய்து விற்ற பெட்டி. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே சிவப்பு விளக்கு, பார்த்தால் சின்ன ஊர்த் திருவிழா மாதிரி இருக்கும். அதில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டான். அதிலேயே யாரோ ஒருத்தர் அந்த வடக்கத்திப் பனிமலை ரோட்டையும் செய்து இலவசமாகப் போட்டிருந்தாராம், அதையும் சேர்த்தான். அப்பாவைத் தூக்காத குறையாக நாற்காலியில் உட்கார வைத்து, "எப்பா, ஓட்டிப் பாருங்க. மிதிக்கிற சோலியே இல்ல, எல்லாம் வெரல்தான்" என்றான்.

முதல் பத்து நிமிடம் அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. "ஏலே, இந்த எறக்கத்துல எவம்லே நாலாவது கியர்ல வருவான்? கூறுகெட்டவன்!" என்று எதிரே வந்த பொம்மை லாரியைத் திட்டினார். அடுப்படியில் கரண்டியோடு நின்ற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் டியூட்டி. காலை பத்து மணிக்குச் சவரம் செய்து, சட்டை போட்டு, வாக்கரைப் பிடித்து வந்து உட்காருவார். நான் மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் வரை ஓட்டிக்கொண்டே இருப்பார். மலையில் ஏதோ ஒரு இடம் வந்ததும் பாம் பாம் என்று இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நாள் தவறாமல் அடிப்பார். "ஆளில்லாத காட்டுல யாருக்குங்க ஹாரன்?" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். பதில் வராது. வராவிட்டால் போகிறது, மனிதர் உட்கார்ந்திருக்கிறாரே என்றிருக்கும். ஒருநாள் அவராகவே சொன்னார், "தை பொறக்கட்டும். அளவு எடுக்கப் போவோம்." நான் அடுப்படிக்கு நழுவிவிட்டேன். பேசினால் மாற்றிவிடுவாரோ என்று பயம்.

மார்கழி நடுவில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. திரையெல்லாம் கோடு கோடாக வந்து அணைந்தது. பெட்டிக்குப் பின்னால் வேறு ஓட்டையில் ஒயரை மாட்டிப் போட்டால் மற்றதெல்லாம் தெரிகிறது, லாரி மட்டும் வரவில்லை. அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார். மறுநாள் சவரம் இல்லை. அதற்கு மறுநாள் தை மாதப் பேச்சை எடுத்தேன். "அதெல்லாம் வேண்டாம்" என்றார். அதே முதுகு.

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டேன். அவன் இருக்கிற இடத்தில் சிக்னல் இரண்டு நிமிடம் இருக்கும், பத்து நிமிடம் இருக்காது.

"எம்மா, பெட்டிக்குள்ள கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருக்கும். படம் காட்டுறதே அதுதான். அது செத்துப்போச்சு."

"படந்தான் நல்லா தெரியுதேலே. லாரிதான வரல."

"அது மதர்போர்டு காட்டுற படம். சும்மா பாக்க அது போதும். லாரிக்குத் தாங்காது."

"ஒரு பெட்டியில படம் காட்ட ரெண்டு பேரா?"

"ஆமாம்மா."

"ரெண்டு பேர் இருந்து ஒருத்தன் செத்தா, இன்னொருத்தன் அந்த வேலையைப் பாக்க மாட்டானா? எங்க மில்லுல பாக்கச் சொல்லுதானுவளே!"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலை குறைந்ததே போதும் என்றான். பெட்டி பழசு, அதில் கரண்ட் சப்ளையும் கம்மி, இடமும் கம்மி, அதனால் கரண்டுக்குத் தனியாக ஒயர் கேட்காத சின்னக் கார்டாக வாங்கச் சொன்னான். பக்கத்தில் காகிதம் இல்லை. மில்லிலிருந்து பேனா போட்டு வைக்கக் கொண்டுவந்த காலிக் கோன் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ராஜபாளையத்தில் ஒரு கடைக்குப் போனேன். கோனைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் படித்த கடைக்காரர் என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எம்புட்டு ஜிபி, எம்புட்டு வாட்ஸ், என்ன ஸ்லாட், என்ன ரெசல்யூஷன். "லாரி ஓடணும், அம்புட்டுதான்" என்றேன். எந்த லாரி என்றார். அதற்கு மேல் நான் என்னத்தைச் சொல்ல? கடைசியில் அவர், இந்தப் பழைய பெட்டிக்குச் செலவு செய்வது வீண், புதுசாகவே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மனுஷருக்குப் பாதம் போனதற்கு ஆளையே மாற்றச் சொன்னமாதிரி எனக்குச் சுள்ளென்று வந்தது. கோனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த கடைக்காரர் நல்ல மாதிரி. பெட்டியின் கண்ணாடி வழியாக நான் எடுத்திருந்த போட்டோவை என் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்தார். "இது தனியா ஒயர் கேக்காதுக்கா. பழசைக் கழட்டிட்டு இதைச் சொருகுங்க. திரைக்குப் போற ஒயரை இதுல மாட்டுங்க. வேலை முடிஞ்சுது" என்றார். ஒரு காற்றாடி, ஒரு பச்சைத் தகடு, தகட்டின் அடியில் தங்க நிறத்தில் ஒரு பட்டை. இவ்வளவுதானா என்றிருந்தது. திரும்புகிற பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரம்மா டப்பாவைப் பார்த்து, "பால்கோவாவா?" என்று கேட்டார். சர்க்கரைக்காரர் வீட்டுக்கு யாராவது பால்கோவா வாங்கிப் போவார்களா? வண்டி சாமான் என்றேன்.

வாயில் அப்படி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆமாம், இது வண்டிதானே? எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் மலையடிவாரத்து அருவிக்கரை அய்யனார் கோவிலுக்குப் போய்ப் பூசை போடாமல் கிளப்ப மாட்டோம். முதல் மொபெட்டிலிருந்து, அவர் ஓட்டிய மில் பஸ் வரைக்கும் அங்கே போய் வந்ததுதான். பொட்டு, மாலை, எலுமிச்சம்பழம், எல்லாம் முறைப்படி. இதை மட்டும் எப்படிச் சும்மா ஓட விட? ஆனால் அவரிடம் சொல்ல முடியாது. கால் போனதிலிருந்து அவருக்கும் சாமிக்கும் பேச்சில்லை. "ஏழு வண்டிக்குப் பூசை போட்டேன், என்னத்தைக் கண்டேன்" என்று கோவில் பெயரை எடுத்தாலே எரிந்துவிழுவார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மில்லில் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு, டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். அருவியில் குளிக்க வந்த கூட்டம் அதற்குள் ஏறிக்கொண்டிருந்தது. பூசாரியிடம் போய் வண்டிக்குப் பூசை போட வேண்டும் என்றேன்.

"வண்டி எங்கம்மா நிக்கி?"

டப்பாவைத் திறந்து கார்டை நீட்டினேன்.

அவர் கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் ஏதாவது வண்டி நிற்கிறதா என்று எட்டியும் பார்த்தார். "இது என்ன வண்டி?"

"லாரி. இதுக்குள்ளதான் ஓடும்."

அவருக்கும் புரியவில்லை, எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் நல்ல மனுஷர், மறுக்கவில்லை. சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு, பொட்டை எங்கே வைக்க என்றார். காற்றாடியில் வைத்தால் சுற்றும்போது தெறிக்கும். பச்சைப் பக்கம் முழுக்க முள்ளு முள்ளாக இருந்தது. அடியில் அந்தத் தங்க நிறப் பட்டைதான் வழவழப்பாக, பொட்டு வைக்கவே செய்துவிட்ட மாதிரி இருந்தது. "இங்கன வைங்க சாமி" என்று நானேதான் காட்டினேன். மூன்று பொட்டு, மேலே குங்குமம். கற்பூரம் காட்டினார். கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இந்த வண்டிக்காரர் எழுந்து உட்கார வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். அவர் கட்டிலில் திரும்பிப் படுத்திருந்தார். "வேண்டாத வேலை" என்று சுவரிடம் சொன்னார். பெட்டியின் கண்ணாடியைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு! என் சேலையோடும் தலையோடும் மில்லிலிருந்து வந்த பஞ்சு அத்தனையும் அங்கேதான் குடியிருந்திருக்கிறது. பிரஷ்ஷால் தட்டித் துடைத்தேன், அது என் தொழில். பழைய கார்டைப் பிடித்திருந்த கொண்டியை அமுக்கினால் அதுவாக வெளியே வரும் என்று மகன் சொல்லியிருந்தான். வந்தது. புதுசைப் பொட்டு கலையாமல் மெதுவாக உள்ளே இறக்கினேன். டக் என்றது. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கி எலுமிச்சம்பழத்தை அடியில் வைத்து நசுக்கி, சாற்றையும் துடைத்துவிட்டேன். வண்டி என்றால் முறை முறைதான்.

ஸ்விட்சைப் போட்டேன். கார்டின் காற்றாடி ஜோராகச் சுற்றியது. திரை இருட்டாக இருந்தது.

செத்த நேரம் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. திரை ஒயரைப் பெட்டியின் பழைய ஓட்டையில் மாட்டினேன், படம் வந்தது. புதுக் கார்டின் ஓட்டையில் மாட்டினேன், இருட்டு. மறுபடி பழைய ஓட்டை, படம். பத்துத் தடவை மாற்றிப் பார்த்தேன். காற்றாடி சுற்றுகிறதே, அப்படியானால் உயிர் இருக்கிறது. உயிர் இருந்தால் ஏன் படம் இல்லை? எங்கள் மில்லில் ஒரு மெஷின் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். இப்படி ஓடிக்கொண்டே நிற்கிற மெஷினை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை முழுக்க ஆளுக்கொரு யோசனை. மகன் போனில், "டக்குன்னு சத்தம் வந்துச்சா இல்லியா?" என்றான். வந்துச்சு என்றேன். "அப்ப சரியாத்தான் இருக்கு" என்றபோது சிக்னல் போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர், கரண்ட் சப்ளை பத்தவில்லை, பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கிற டப்பாவையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றார். எங்கள் மில் எலக்ட்ரீசியன் அண்ணன் டெஸ்டரோடு வீட்டுக்கே வந்தார். சுவரில் நாலு இடத்தில் குத்திப் பார்த்தார், எர்த் சரியில்லை என்றார். அப்புறம் பெட்டிக்குள் மூக்கை நுழைத்து மோந்தார். "எங்கியோ ஷார்ட் ஆயிருக்கு. ஒரு மாதிரி புளிச்ச வாடை வருதே!" என்றார். அது எலுமிச்சம்பழம் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? கட்டிலில் ஆள் படுத்திருக்கிறாரே. காபி குடித்துவிட்டு, இது எல்லாம் விதி என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒருத்தர் சொல்வதைக் கேட்டால் இன்னொருத்தர் சொன்னது தப்பு. மூன்று பேர் சொன்னதையும் கோனில் எழுதினேன், அதில் எழுத இடமே இல்லாமல் போனது. அன்றைக்கு ஷிப்டில் எனக்கு மூன்று தடவை நூல் அறுந்தது தெரியவில்லை. மேஸ்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு வெறுத்துப்போனது. கார்டைப் பிடுங்கிக் கடைக்காரர் மூஞ்சியில் எறிந்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். "எல்லாரும் சேந்து என்னைக் கேனச்சி ஆக்குதானுவ! ஒருத்தனுக்காவது ஒழுங்காத் தெரியுதா? தெரியாட்டி தெரியாதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!" என்று கத்திக்கொண்டே கொண்டியை அமுக்கினேன். கார்டு கையோடு வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ஏட்டி. அதை இங்கன கொண்டா."

திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பார்த்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பி, ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பாரே, அதே மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேட்டரி டெர்மினல்ல யாராச்சும் பொட்டு வைப்பாகளா?"

நான் பிரஷ்ஷை எடுத்துப் பெட்டியைத் தட்ட ஆரம்பித்தேன்.

"எந்தக் கோயிலு?"

"அய்யனாரு."

"என்னன்னு சொல்லிப் பூசை போட்ட?"

"வண்டின்னு."

இப்போது வெடிக்கப் போகிறார் என்று நின்றேன். அவர் உடம்பு குலுங்கியது. முதலில் எனக்குப் பயமாகிவிட்டது, அழுகிறாரோ என்று. சிரிக்கிறார்! இருமல் வரும்வரை, கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். "பூசாரி என்ன சொன்னாரு? வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தாரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். எனக்குக் கோபமும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "நீங்க வேற! அந்தப் பட்டையிலதான் கரண்டு போகுதுன்னு அதுல எழுதியா ஒட்டிருக்கு?" என்றேன்.

அவர் புண் கட்டுவதற்கு வைத்திருந்த ஸ்பிரிட்டையும் பேண்டேஜ் துணியையும் கேட்டார். காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தார். தங்கப் பட்டை முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. துடைத்த துணியை என்னிடம் கொடுத்து, "கால்படாத இடமாப் பாத்துப் போடு" என்றார். சாமியோடு பேச்சில்லாதவர் சொல்கிற வார்த்தையா அது? நந்தியாவட்டைச் செடிக்கு அடியில் போட்டுவிட்டு வந்தேன்.

வாக்கரைப் பிடித்து வந்து அவரே உட்கார்ந்தார், கார்டை அவரே சொருகினார். ஸ்விட்சைப் போட்டார். படம் வந்தது.

அதுவும் எப்படிப்பட்ட படம்! லாரிக்கு முன்னால் மலை பளிச்சென்று நின்றது. பனி, பனியில் டயர் தடம், பாறையில் வெடிப்பு, பள்ளத்தில் ஓடுகிற தண்ணீர் எல்லாம் கையால் தொடலாம் போலிருந்தது. பழைய கார்டில் வெறும் சாம்பல் நிற மொத்தையாகத்தான் தெரியும். நான் கை தட்டிவிட்டேன். அவர் ஓட்டினார். வளைவு, ஏற்றம், இன்னொரு வளைவு. வழக்கமாக ஹாரன் அடிக்கும் இடம் வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. லாரி மெதுவாகி நின்றது. ஹாரன் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விரல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க? மறுபடி நின்னுருச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார். எழுந்தார். போய்ப் படுத்துக்கொண்டார், சுவரைப் பார்த்து.

எனக்கு என்ன ஆனதென்றே புரியவில்லை. மூன்று பஸ் ஏறி, பொய் சொல்லி, ஊரெல்லாம் யோசனை கேட்டு, கடைசியில் எல்லாம் சரியான பிறகு இப்படியா? "என்ன கொறை கண்டுட்டீக? படம் தெரியலைன்னா ஒரு ஞாயம் இருக்கு! அம்புட்டும் தெரியுதுல்லா?" என்று கத்தினேன்.

"ஆமா. அம்புட்டும் தெரியுது. அதான்" என்றார்.

அதான் என்றால் என்ன? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஷிப்ட் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். படம் இல்லாவிட்டாலும் படுக்கிறார், இருந்தாலும் படுக்கிறார். இந்த மனுஷரோடு முப்பது வருடம் எப்படிக் குடும்பம் நடத்தினேன்?

புதன்கிழமை காலையில் காபியை நீட்டிக்கொண்டே கேட்டேன். இந்தத் தடவை கத்தவில்லை, கத்தத் தெம்பும் இல்லை. அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"முந்தி மங்கலா இருக்கும்லா, அதுல ஒரு வெள்ளைத் திட்டு தெரிஞ்சா அது எங்க கேம்ப்புன்னு நெனச்சுக்கிடுவேன். கருப்பாத் தெரிஞ்சா டீக்கடை. இப்பப் பாத்தா அது பாறை, இது மரம். எவனோ செஞ்ச ரோடுட்டி இது. நான் ஓட்டுன ரோடு இல்ல."

எனக்குப் புரிந்தது மாதிரியும் இருந்தது, புரியாதது மாதிரியும் இருந்தது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. மகனுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, இந்தப் படத்தை மங்கலாக்க முடியுமா?"

"எம்மா, தெளிவாத் தெரியணும்னுதான கார்டு வாங்குனோம்? புதுசை வாங்கிப் போட்டுட்டு பழசு மாதிரி கேக்க, லூசா நீ?"

"ஆமாலே, லூசுதான். எங்கன அமுக்கணும், அதைச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகக் குறைத்தேன். நிழல் வேண்டாம், புல் வேண்டாம், தூரத்து மலை வேண்டாம். எல்லாம் கடைசி நிலைக்கு வந்ததும் திரையில் பழைய சாம்பல் மொத்தை வந்து உட்கார்ந்தது. அந்தக் கார்டு இதற்காகவா பிறந்தது என்று எனக்கே பாவமாக இருந்தது. "வாங்க" என்று அவரைக் கூப்பிட்டேன். வந்தார். அன்றைக்கு நான் அடுப்படிக்குப் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கிளீனர் மாதிரி அவருக்கு இடதுபக்கம் உட்கார்ந்தேன்.

லாரி ஏறியது. திணறாமல், வெட்டாமல் ஏறியது, கார்டு அதையாவது செய்தது. அவர் பேச ஆரம்பித்தார். இந்தத் திட்டில்தான் டயர் பஞ்சராகி ஒரு பகல் முழுக்கக் கிடந்தாராம். அந்த மூலையில்தான் பருப்பும் சோறும் கிடைக்குமாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் மூட்டமாகத்தான் இருந்தது. ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு வெள்ளைக் கட்டி.

"இங்கன என்ன?" என்றேன்.

"தகரக் கொட்டாய். எஸ்டிடி பூத்து."

லாரி மெதுவாகியது.

"கணவாயத் தாண்டினதும் மொத போன் இங்கதான். பனி கொட்டும். நாப்பது பேரு வரிசையில நிப்போம். என் முறை வந்ததும் போட்டு, ரெண்டு ரிங்கு விட்டு வச்சிருவேன்."

அந்த இரண்டு ரிங் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நாங்கள் பேசி வைத்துக்கொண்டது. எடுத்தால் காசு, அதனால் எடுக்கக் கூடாது. இரண்டு தடவை அடித்து நின்றால் மலையைத் தாண்டிவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதற்காகப் போன் பக்கத்திலேயே நான் உட்கார்ந்து கிடந்த நாட்களுக்கு எண்ணிக்கை இல்லை. ஆனால் அவர் எங்கே நின்று அடிக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு ஆபீஸ், ஒரு மேசை, மேசைமேல் போன் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ எடுத்திரக் கூடாதேன்னும் இருக்கும்," என்றார் திரையைப் பார்த்துக்கொண்டே. "ஒரு தடவையாவது எடுத்திர மாட்டாளான்னும் இருக்கும்."

பாம் பாம் என்று ஹாரன் அடித்தார்.

"கேட்டுச்சு," என்றேன். "நல்லாக் கேட்டுச்சுங்க."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. கியரை மாற்றினார். லாரி அந்த வெள்ளைக் கட்டியைத் தாண்டி மேலே ஏறியது. கொஞ்ச தூரம் போன பிறகு, "தை பொறந்து எத்தனாம் தேதிட்டி அளவு எடுக்கப் போவோம்?" என்று கேட்டார்.